மூத்தவளை அளவுகோலாக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலுக்கோ பிள்ளையார் நோன்புக்கோ சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் ஊர் வந்து சேர்ந்ததும், செட்டிநாட்டு வீட்டில் முற்றத்தை ஒட்டிய பட்டாலையில் ஒரு விசாரணை நடக்கும். “மூத்தவ பத்து மாசத்துலயே நடந்துட்டா. இவ ஒரு வயசு தாண்டியும் செவுத்தப் புடிச்சுக்கிட்டே நிக்கிறாளே” என்று அப்பத்தா தொடங்குவார். “அதெல்லாம் தானா வரும், அவுக அப்பச்சியும் லேட்டாத்தான் நடந்தாக” என்று ஐயா முடித்துவைப்பார். இரண்டு பெண் குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த இரண்டு பேச்சுமே கெடுதல் செய்யக்கூடியது. முதல் பேச்சு நன்றாக வளரும் குழந்தைக்கு இல்லாத குறையைக் கற்பிக்கிறது. இரண்டாவது, உதவி வேண்டிய குழந்தையின் மாதங்களைத் தின்றுவிடுகிறது. தங்கையை அளக்க அக்கா எதற்கு? அதற்குத் தாய் சேய் பாதுகாப்பு அட்டை இருக்கிறது. எந்த வித்தியாசத்தை அப்படியே விடலாம், எதை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

நடையிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் ஊர் முழுக்க அதைத்தான் கேட்கிறது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்கு இது: பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள், முட்டிபோட்டுத் தவழ்வது 5.2 முதல் 13.5 மாதத்துக்குள், தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். ஒன்பதாம் மாதம் நடந்த அக்காவும் பதினேழாம் மாதம் நடந்த தங்கையும் இரண்டு பேருமே சரியான நேரத்தில்தான் நடந்திருக்கிறார்கள். அந்த ஆய்வில் நூற்றுக்கு நான்கு குழந்தைகள் முட்டிபோட்டுத் தவழவே இல்லை. சிலர் உட்கார்ந்தபடியே நகர்ந்தார்கள், சிலர் நேரே எழுந்து நின்றார்கள். தவழாத குழந்தைக்குத் தவழப் பயிற்சி கொடுப்பது வீண் வேலை.

நேரம் முன்பின் ஆகலாம். ஆனால் எல்லை உண்டு. நான்கு மாதத்தில் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதம் முடிந்தும் தானாக உட்காரவில்லை, பதினெட்டு மாதத்தில் ஓரடி எடுத்துவைக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உடம்பு துணி மாதிரித் துவண்டு கிடந்தாலும், கால் இரண்டும் கத்தரிபோல் பின்னி விறைத்துக்கொண்டாலும் அந்த மாதங்கள் வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

குறைமாதத்தில் பிறந்தவளுக்குக் கணக்கு வேறு. பிறந்த தேதியிலிருந்து எண்ணினால் தப்பு வரும். நாற்பது வாரத்துக்கு எத்தனை வாரம் குறைவோ அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். முப்பத்திரண்டாம் வாரத்தில் பிறந்தவளுக்கு இன்று ஒரு வயது என்றால், வளர்ச்சியைப் பார்க்க அவளுக்குப் பத்து மாதம்தான். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துப் பார்க்கலாம். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது. அதற்குப் பிறந்த தேதிதான்.

நம் வீடுகளின் தரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆத்தங்குடிக் கல் மிதிக்க மிதிக்க வழவழப்பு ஏறும். அதில் சாக்ஸ் போட்ட குழந்தை நடை பழக முடியாது. வெறுங்கால்தான் நல்லது, விரல்கள் தரையைப் பற்றினால்தான் சமநிலை வரும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய அன்று உள்ளங்காலைச் சீயக்காயோ கடலைமாவோ போட்டுத் தனியாகத் தேய்த்துத் துடையுங்கள். பட்டாலையிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் விளிம்பும் திண்ணையும் தவழும் குழந்தையின் கண்ணுக்குத் தரையின் தொடர்ச்சியாகவே தெரியும். மழைநீர் பிடிக்க முற்றத்தில் வைக்கும் அண்டாவை மூடிவையுங்கள், அல்லது கவிழ்த்துவையுங்கள். இந்த வயதில் உடம்பைவிடத் தலை கனம். எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானே எழ முடியாது. நான்கு விரல் உயரத் தண்ணீரே மூக்கையும் வாயையும் அடைத்துவிடும். ஊருணிக் கரையில் வீடு உள்ளவர்கள் வெளிக்கதவுத் தாழ்ப்பாளைக் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றுவது நல்லது.

நடைவண்டியை நாங்கள் ஆதரிக்கிறோம். கடையில் விற்கும் வாக்கரை எதிர்க்கிறோம். இரண்டும் ஒன்றல்லவா என்று கேட்பவர்கள் குழந்தையின் காலைப் பார்க்கட்டும். மூன்று சக்கர மர நடைவண்டியைப் பிடிக்க அவள் தன் எடையைத் தானே தாங்கி நிற்க வேண்டும். அடி எடுத்துவைத்தால்தான் வண்டி நகரும். வட்டமான வாக்கரில் அவள் துணி இருக்கையில் தொங்குகிறாள், விரல் நுனியால் தரையை உந்துகிறாள், முன்னால் இருக்கும் தட்டு மறைப்பதால் தன் பாதத்தையே பார்க்க முடியவில்லை. சமநிலை கற்க வழியே இல்லை. ஒரு நொடியில் மூன்றடி தூரம் பாயும் அதை எந்தத் தாயும் ஓடிப் பிடிக்க முடியாது. கனடா 2004இலேயே வாக்கரைத் தடை செய்துவிட்டது. நம் ஊரில் இன்னும் பிறந்தநாள் பரிசாக வருகிறது! நடைவண்டியிலும் ஒரு சிக்கல் உண்டு. வழவழப்பான தரையில் சக்கரம் முந்திக்கொண்டு ஓட, குழந்தை முகம் அடிபட விழும். வண்டியின் அடிக்கட்டையில் இரண்டு கிலோ அரிசிப் பையைக் கட்டிவிட்டால் வேகம் அடங்கும். சுவரையோ கட்டிலையோ பிடித்துப் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கிய பிறகுதான் நடைவண்டி. அதற்கு முன் கொடுத்தால் பயன் இல்லை.

இரண்டாவது பெண்ணுக்குத் தரையில் கிடக்கும் நேரம் குறைந்துபோவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அக்காவின் சொப்பு, பாசிமணி, சோழி எல்லாம் தரையில் இறைந்து கிடக்க, சின்னவளை இடுப்பிலேயே வைத்துக்கொள்கிறார்கள். விளைவாகக் குப்புற விழுவதும் கையூன்றி நெஞ்சைத் தூக்குவதும் தாமதமாகிறது. நம் முன்னோர் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரை என்று பருவமே வகுத்து வைத்தார்கள். குழந்தை கையூன்றித் தலையைத் தூக்கி ஆடும் காட்சி அது. ஒரு பாயை விரித்து, அது சின்னவளின் இடம், பொம்மை வரக் கூடாது என்று பெரியவளுக்கு விதி போடுங்கள். விழித்திருக்கும்போது சில நிமிடங்களாகத் தொடங்கி, ஒரு நாளில் அரை மணி நேரமாவது அதில் குப்புறக் கிடக்கட்டும். தூக்கம் மட்டும் மல்லாக்கத்தான். மூன்று சென்டிமீட்டருக்குக் குறைவான எதுவும் அந்தப் பாயருகே இருக்கக் கூடாது. சீடை, வேர்க்கடலை, முழு திராட்சை மூன்றையும் நான்கு வயது வரை கொடுக்காதீர்கள். அக்கா ஆசையாக ஊட்டிவிடும் சீடைதான் மூச்சுக்குழலில் போய் அடைக்கும்.

பேச்சுதான் உண்மையில் கவனிக்க வேண்டியது. கால் தாமதித்தால் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது; பேச்சும் காதும் தாமதித்தால் தெரிவதில்லை, அதிலும் வீட்டில் பேசும் அக்கா இருந்தால் தெரியவே தெரியாது. தங்கை கை நீட்டும் முன்பே “பாப்பாவுக்குத் தண்ணி வேணுமாம்” என்று அக்கா சொல்லிவிடுகிறாள். தங்கைக்குப் பேச வேண்டிய தேவையே எழவில்லை. இதற்கு மருந்து எளிது. சின்னவளிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலானவர்கள் இரண்டு எண்ணுவதற்குள் பதிலைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். பெரியவள் கோலம் போடும் நேரத்திலோ பாலர் பள்ளிக்குப் போன பிறகோ சின்னவளோடு மட்டும் கால் மணி நேரம் பேசுங்கள். அவள் “பா” என்றால் “பால் வேணுமா? இந்தா பால்” என்று முழுச் சொல்லாகத் திருப்பிக் கொடுங்கள். “சொல்லு, சொல்லு” என்று நச்சரித்தால் இருப்பதும் நின்றுவிடும்.

ஆறு ஏழு மாதத்தில் “பபபா, மமமா”. ஒரு வயதை ஒட்டிப் பொருளோடு ஒன்றிரண்டு சொல். ஒன்றரை வயதில் பத்துச் சொல் அளவில். இரண்டு வயதில் ஐம்பதை ஒட்டிய சொற்களும் “அம்மா வா”, “பால் வேணாம்” என்று இரண்டு சொல் சேர்ப்பும். இதுதான் ஏறக்குறைய வழி. வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் வேலைக்காரப் பெண்ணிடம் மலாயும் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு, எந்த மொழியில் சொன்னாலும் சேர்த்து எண்ண வேண்டும். பல மொழி கேட்பதால் பேச்சு தாமதிக்காது. அதைக் காரணம் காட்டிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது தவறு.

உச்சரிப்பு வேறு விஷயம். ப, ம, த முதலில் வரும். க கொஞ்சம் பிந்தும். அதனால்தான் இரண்டு வயதுக்காரி காக்காயைப் பார்த்துத் “தாத்தா” என்கிறாள், பக்கத்தில் இருக்கும் தாத்தாவும் உச்சி குளிர்ந்துபோகிறார். மழை “மயை”யாகவும் பழம் “பயம்”ஆகவும் ஐந்து ஆறு வயது வரைகூட இருக்கலாம். ழகரமும் றகரமும் கடைசியில் வருபவை. நாக்கைத் தேய்ப்பதும் வசம்பு தடவுவதும் வேண்டாம். மூன்று வயதில் அவள் பேசுவதில் முக்கால்வாசி அயலாருக்கும் புரிய வேண்டும், நான்கு வயதில் கிட்டத்தட்ட முழுவதும். வீட்டார் புரிந்துகொள்வதை இதற்குக் கணக்கில் எடுக்காதீர்கள்.

பேச்சு பிந்தினால் முதலில் பார்க்க வேண்டியது காது. தட்டைத் தட்டினால் திரும்புகிறாள், அதனால் காது கேட்கிறது என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பித்தளைத் தட்டின் சத்தம் மிகப் பெரியது. பாதிதான் காது கேட்கும் குழந்தையும் திரும்பும். கைதட்டினால் அசைவைக் கண்டு திரும்பும். ச, த போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காத குழந்தைக்கும் கதவு சாத்தும் சத்தம் நன்றாகவே கேட்கும். வீட்டில் செய்து பார்க்க வேண்டுமானால், அவள் பார்க்காதபடி பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, தணிந்த குரலில் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். காகிதத்தை மெல்லக் கசக்குங்கள். ஒன்பது மாதத்தில் பேருக்குத் திரும்ப வேண்டும். இருந்தாலும் இது வீட்டுச் சோதனைதான். ஓ.ஏ.இ., பெரா என்னும் கருவிப் பரிசோதனைகள்தான் முடிவு சொல்லும். பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது மருத்துவ முறை. சொந்தத்தில் பெண் எடுத்த வீடுகளில் பிறவிக் காது கேளாமைக்கு வாய்ப்பு கூடுதல் என்பதால், அங்கே இதை நிச்சயம் செய்ய வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உள்காதில் காக்ளியர் கருவி பொருத்தும் சிகிச்சை ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான். பிந்திப் போனால் பணம் இருந்தும் பயன் குறைவு, மூளை ஒலியைக் கற்கும் வயது கடந்துவிடும்.

சொல் வருவதற்கு முன்பே பார்க்கக் கூடியது ஒன்று உண்டு. முற்றத்தில் நின்று நிலாவைக் காட்டுங்கள். ஒரு வயதை ஒட்டிய குழந்தை உங்கள் விரலைப் பார்த்து, விரல் காட்டும் திசையைப் பார்த்து, மறுபடி உங்கள் முகத்தைப் பார்க்கும். ஒன்றரை வயதில் அவளே நிலாவைச் சுட்டிக் காட்டி, நீங்கள் பார்க்கிறீர்களா என்று திரும்பிப் பார்ப்பாள். வேண்டியதை எடுத்துத் தரச் சொல்லிக் கை நீட்டுவது வேறு. கண்டதைப் பகிர்ந்துகொள்ள விரல் நீட்டுவதுதான் முக்கியம். பதினெட்டு மாதத்தில் இது இல்லையென்றால், பேருக்குத் திரும்பவில்லையென்றால், கண்ணோடு கண் பார்க்கவில்லையென்றால், ஆட்டிசம் இருக்கலாமா என்று அறிய உதவும் எம்-சாட் என்னும் இருபது கேள்விப் படிவத்தை வைத்து ஒரு மருத்துவர் பார்க்கட்டும். 16 முதல் 30 மாதம் வரைக்குமான படிவம் அது.

பெண் குழந்தைகளிடம் இது தவறிப்போவது அதிகம். மூலையில் உட்கார்ந்து சொப்பை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருப்பவளை “சமத்து, தொந்தரவே இல்லை” என்று மெச்சுகிறோம். ஆண் பிள்ளை அப்படி இருந்தால் யாராவது ஒருவர் ஏன் என்று கேட்பார். அமைதியாக இருப்பது குறையல்ல. ஆனால் விருந்தாளி வந்தாலும் போனாலும் ஏறிட்டுப் பார்க்காத அமைதியைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே சொல்லிவந்த சொற்கள் நின்றுபோனால் எந்த வயதானாலும் அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும்.

கைபேசி பற்றி நீட்டத் தேவையில்லை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்வது: இரண்டு வயது வரை திரையே கூடாது, உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ அழைப்பு மட்டும் விதிவிலக்கு, இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு மணி நேரத்துக்குள், பெரியவர் உடனிருக்க. கடல் தாண்டி உறவு வைத்திருக்கும் நம் ஊருக்கு அந்த விதிவிலக்கு பெரிய ஆறுதல். சாப்பாட்டு வேளைக்குக் கைபேசி காட்டுவதற்கு அதில் இடமில்லை.

கைவேலைக்கு நம் வீட்டிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு பொரியை எடுக்க வேண்டும். நீங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது மட்டும் பொரி கொடுங்கள். ஒன்றரை வயதில் கிறுக்கல், மூன்றில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, ஐந்தை ஒட்டிச் சதுரமும் முக்கோணமும். மூன்று வயதுக்காரியை நடுவீட்டுக் கோலத்துக்கு இழை இழுக்கச் சொல்லாதீர்கள். புள்ளி வைக்கட்டும், அதுவும் பச்சரிசி மாவில். கல்மாவு கையோடு வாய்க்கும் மூச்சுக்கும் போகும்.

இடது கையால் எடுப்பவளை அடித்துத் திருத்தும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். எந்தக் கை என்பது இரண்டு வயதுக்குப் பிறகு மெல்ல உறுதிப்படும். ஆனால் ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி, மற்றக் கையை முஷ்டியாக மடக்கியே வைத்திருந்தால், அது இடதானாலும் வலதானாலும், மடங்கிய கையில் பலக்குறைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலது கைக்காரி என்று மகிழ்ந்து இதைத் தவறவிட்டுவிடுவார்கள்.

எடை. அங்கன்வாடியில் மாதம் ஒருமுறை நிறுப்பதில் அதிகம் தவறுவது நகையால். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை பெண் குழந்தை மாதத்துக்கு ஏறக்குறைய 200 கிராம்தான் கூடுகிறது. கொலுசும் காப்பும் வெள்ளி அரைஞாணும் சேர்ந்தால் அதில் பாதியை விழுங்கிவிடும். ஒரு மாதம் போட்டும் ஒரு மாதம் கழற்றியும் நிறுத்தால் அட்டையின் வளர்ச்சிக் கோடு பொய் சொல்லும். கழற்ற மனமில்லாவிட்டால் நகையைத் தனியே நிறுத்துக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு வயது வரை படுக்கவைத்து நீளம், அதன் பிறகு நிற்கவைத்து உயரம். இந்த மாற்றத்தில் 0.7 சென்டிமீட்டர் குறைந்ததுபோல் தெரியும், பயப்படத் தேவையில்லை. பெண்ணுக்கு நடுவான எடை ஒரு வயதில் 8.9 கிலோ, இரண்டில் 11.5, மூன்றில் 13.9, ஐந்தில் 18.2. பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடாதீர்கள், ஆண்களுக்கு வரைபடமே தனி. எண்ணைவிடக் கோட்டின் போக்கைப் பாருங்கள். குறைந்த எடையிலும் கோடு சீராக ஏறினால் நல்லது. நல்ல எடையிலும் இரண்டு மூன்று மாதம் படுத்துவிட்டால் காரணம் தேட வேண்டும்.

இரும்புச்சத்துக் குறைவு, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, அக்காவின் தட்டில் பங்கு போட்டு உண்பது போன்றவை காரணமாக இருக்கலாம். சின்னவளுக்குத் தனிக் கிண்ணம் வையுங்கள், எவ்வளவு போனது என்று அப்போதுதான் தெரியும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்து மருந்து அரசே தருகிறது. ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பு. பாலோடும் தேநீரோடும் கொடுத்தால் உடம்பில் ஒட்டாது. மலம் கறுப்பாகப் போகும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

பெரியவளையும் மறக்கக் கூடாது. தங்கை பிறந்ததும் மூன்று வயதுக்காரி மறுபடி படுக்கையில் மூத்திரம் போவதும் பாட்டில் கேட்பதும் மழலை பேசுவதும் இயல்பு, சில வாரங்களில் அடங்கும். அந்த நேரத்தில் புதிதாகக் கழிப்பறைப் பழக்கம் தொடங்கவோ பள்ளியில் சேர்க்கவோ வேண்டாம். “நீ பெரியவ” என்று நாளுக்கு இருபது முறை சொல்வதையும் குறைத்துக்கொள்ளலாம், அவளும் குழந்தைதான்.

தாய் சேய் பாதுகாப்பு அட்டையை ஊசித் தேதி பார்க்க மட்டும் திறக்கிறோம். வயதுவாரியான வளர்ச்சிப் படங்களும் அபாய அறிகுறிகளும் அதிலேயே அச்சாகியிருக்கின்றன. உங்கள் நாளிதழ் மாவட்டப் பக்கத்தின் ஒரு மூலையில் மாதம் ஒரு வயதாக அதை எடுத்துப் போட்டால் பல வீடுகளுக்கு உதவும். பள்ளிச் சிறார் நலத்திட்ட மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வருகிறது. வரும் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அனுப்பும் இடம் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். அங்கே குழந்தை மருத்துவர், இயன்முறை, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில், கட்டணமின்றி. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தார் சிவகங்கை மாவட்டத்துக்கும், இராயவரம், கோனாப்பட்டுப் பக்கத்தார் புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் போக வேண்டும்.

போகும்போது அட்டையையும் பிரசவ மருத்துவமனைச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். புது இடத்தில் குழந்தை ஒடுங்கிவிடும் என்பதால், உங்களுக்குச் சந்தேகம் தந்த செயலை வீட்டிலேயே ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். முடிந்தால் மூத்தவளை ஆச்சியிடம் விட்டுவிட்டுப் போங்கள். மருத்துவர் தங்கையிடம் கேட்கும் கேள்விக்கெல்லாம் அவள்தான் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
குழந்தைகள் மையப் பணியாளர்கள் இருவர்,
காரைக்குடி.